ஈரக் கயிற்றின் அளவு

அம்மா,

இன்று காலை பள்ளிக்கூடத்துக் கூரைக்குத் தகரக் கால்வாய் அடிக்க ஓர் ஆள் வந்திருந்தார். முற்றத்தில் உட்கார்ந்து தகடு வெட்டினார். வெட்டுப்பட்ட தகட்டின் வாடை மூக்கில் ஏறியதும் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டுச் சன்னலோரம் போய் நின்றேன். அவர் கோட்டை விட்டு அரை விரல் தள்ளி வெட்டினார். மிஞ்சியதைச் சுத்தியால் தட்டி மடக்கி மறைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை.

முதலில் உன்மேல். பிறகு அப்பாவின்மேல், பாகூர்ப் பண்ணையின் காரியஸ்தர்மேல், என்மேல். இந்த வரிசை நாளுக்கு நாள் மாறும்.

மில் வேலையில் அப்பாவின் வலக்கையில் மூன்று விரல்கள் போன பிறகு தகடு வெட்டியது நீதான். அவர் ஆணி அறைந்து இணைப்பார். கட்டையில் செருகிய பெரிய கத்தரியின் பிடியில் உடம்பின் பாரத்தை எல்லாம் வைத்து நீ அழுத்துவாய். வாசலில் சாக்கு தொங்கும், வெட்டுவது யார் என்று வெளியில் தெரியக் கூடாது. கிருமாம்பாக்கத்தைச் சுற்றி எந்த வீட்டுத் தொட்டி, மூடி, புகைக்குழாய் பொருந்தினாலும் பேர் அப்பாவுக்கு. "கோட்டுல பாதிய கத்தரி திங்கணும், பாதி தகட்டுலயே நிக்கணும்" என்பாய். நீ வெட்டியதில் அந்தப் பாதிக் கோடு கடைசிவரை மயிரிழைபோல் ஓடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அந்தப் பண்ணையில் வெல்லம் காய்ச்சப் புதுக் கொப்பரை கேட்டார்கள். கொப்பரை அடுப்பின் வாயில் அப்படியே இறங்கி உட்கார வேண்டும். அளவெடுக்க நாம் போக முடியாது. முதல் வெல்லம் சாமிக்குப் போகிறதாம், சேரிக்காரர்கள் கால் ஆலைக் கொட்டகைக்குள் படக் கூடாதாம். அதனால் அவர்களே அடுப்பின் வாயைச் சுற்றிச் சணல் கயிறு போட்டு, முடிச்சிட்டு அனுப்புவது வழக்கம்.

காரியஸ்தர் கயிற்றைக் கொண்டுவந்த அன்று அப்பா தகடு வாங்கக் கடலூர் போயிருந்தார், எல்லைச் சாவடியில் சோதனை முடிய எந்நேரம் ஆகுமோ தெரியாது. காரியஸ்தர் வண்டியிலிருந்து இறங்காமலே கயிற்றை என்னிடம் எறிந்தார். நீ சாக்குக்குப் பின்னால் அதைத் தடவிப் பார்த்தாய்.

"ஈரமா இருக்குதுடி. அளக்கும்போதே ஈரமா, வர்ற வழியில நனைஞ்சுதான்னு கேளு. அளக்கும்போதே ஈரம்னா இந்த அளவு ஆவாது, நனைஞ்ச சணல் சுருங்கும், காஞ்சா நீளும். அவங்களே மூங்கில் பத்தை வெச்சு மறுபடி அளந்து குடுக்கட்டும்னு சொல்லு."

நான் வண்டிக்கருகில் போனேன். அவர் வெற்றிலை மென்றுகொண்டே கீழே பார்த்தார்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா எதிர்ல வந்து நிக்கிற? மாடு மெரளுது, தள்ளு."

உள்ளே வந்து உன்னிடம், "வழியிலதான் நனைஞ்சுதாம்" என்று சொன்னேன். அவ்வளவுதான் அம்மா நான் செய்தது. நீ என்னை நம்பிக் கயிற்றை நிழலில் உலர்த்தி, உலர்ந்த அளவுக்குத் தகடு வெட்டினாய்.

கொப்பரையை நான்கு பேர் உள்ளே தூக்கிப் போனார்கள். நாம் மூவரும் வெளியே களத்தில் நின்றோம். அடுப்பின் வாயைவிடப் பெரிசு, நாலு விரல் இறங்காமல் நிற்கிறது என்று திரும்பத் தூக்கிவந்து நம் முன்னால் போட்டார்கள். அப்போது அப்பா சொன்னார், நீ பக்கத்தில் நிற்கும்போதே:

"நான் வெட்டலீங்க. வூட்ல பொம்பள வெட்டுனது. என் வெரல் இருந்திருந்தா இப்படி ஆவுமா?"

காரியஸ்தர் சிரித்தார். "அதான பாத்தேன். கொப்பரையே வெக்கப்பட்டுக்கிட்டு உக்கார மாட்டேங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

நீ அப்பாவின் தோளிலிருந்த அளவுக் கயிற்றை எடுத்துக் கொப்பரையின் விளிம்பைச் சுற்றிப் போட்டாய். முடிச்சு முடிச்சைத் தொட்டது. "நீங்க குடுத்த அளவுங்க. எங்கயாவது தப்பி இருக்குதா பாருங்க" என்றாய். அந்த மனிதரிடம் நீ நேராகப் பேசியது அன்று ஒருநாள்தான்.

"அப்ப கயித்துக்கு மாட்டி வெச்சு அழகு பாரு. அடுப்புக்குப் பொருந்தலியே."

பிறகு நீ என்னைப் பார்த்தாய். உனக்குத் தெரிந்துவிட்டது. 'என் பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பியிருப்பார்கள். நீ கயிற்றைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாய்.

வீட்டுக்கு வந்தாவது ஓர் அறை கொடுத்திருக்கலாம். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா? அப்பா அன்றே கத்தரியைக் கட்டையிலிருந்து பிடுங்கிப் பரண்மேல் போட்டார். நீ நடவுக்குப் போனாய். அடுத்த மாதம் என் கையைப் பிடித்து டவுனில் கன்னியர் பள்ளிக்கு இழுத்துப்போய், "இதுக்கு வாயத் தொறக்கக் கத்துக் குடுங்கம்மா" என்றாய். உன் தண்டனை அதுதான் என்று நினைக்கிறேன். சேரியில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். நீ கண்ணை மூடிய பிறகும் வாய் முழுசாகத் திறக்கவில்லை.

போன மாதம் பாகூருக்குப் போனேன். காரியஸ்தர் கிழவராகி அதே களத்தில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். என் புடவையையும் குடையையும் பார்த்து எழுந்தார். "வாங்க வாத்தியாரம்மா" என்று நாற்காலி போடச் சொன்னார். நான் உட்காரவில்லை. அந்தக் கொப்பரை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"எந்தக் கொப்பரைம்மா? எத்தினியோ மாத்தியிருக்கோம்."

"பொம்பள வெட்டுனதுன்னு சிரிச்சீங்களே, அது."

"சிரிச்சிருப்போம்."

"கயிறு ஈரமா இருக்கும்போதே அடுப்புமேல போட்டு அளந்திருக்கீங்க. அத கேக்கத்தான் எங்கம்மா என்னை அனுப்புனாங்க. நான் பயந்துக்கிட்டு கேக்கல. எங்கம்மா சரியாத்தான் வெட்டுனாங்க."

"இத சொல்லவா இம்மாந் தூரம் வந்தீங்க?"

"ஆமா."

அவர் உள்ளே பார்த்து மோர் கொண்டுவரச் சொன்னார். மோர் வருவதற்குள் நான் களத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவருக்கு உன் முகமே நினைவில்லை அம்மா. வண்டி ஏறும்வரை என் கோபம் அடங்கவில்லை. இந்தப் பெண் பயந்து ஓடிவிட்டாள் என்று அவர் நினைத்திருக்கலாம். இதை எழுதும்போதும் அடங்கவில்லை. அது அடங்க வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை.