கிட்டங்கிச் சாவி

ஜூன் 12, 1946. புதன்.

கல்லூரி விண்ணப்பத்தில் இன்று சரித்திரம் என்று எழுதிவிட்டேன். எனக்கு ஆசை ரசாயனத்தில்தான். வலிப்பு வருகிறவன் நெருப்புக்கும் அமிலத்துக்கும் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரியான பேச்சுதான், அதனால் யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. சரித்திரம் படித்தால் வாத்தியாராகலாம். பிள்ளைகள் முன்னால் விழுந்துவிட்டால்?

பாளையங்கோட்டைக் கல்லூரியே வேண்டாம், நம் கருப்பட்டிக் கடையில் உட்கார் என்பார் அப்பா என நினைத்திருந்தேன். சாயங்காலம் வந்தவர், கருப்பட்டி மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியின் சாவியை என் பெட்டிமேல் வைத்தார். வலிப்பு வரும்போதெல்லாம் என் கைக்குள் அவர் திணிக்கிற இரும்புச் சாவி அது.

"ஏலே, ஹாஸ்டல்ல கூட இருக்க பயகிட்ட இதக் குடுத்து வையி. எப்பம் கையில வைக்கணும்னு சொல்லிரு."

"கிட்டங்கிய எப்படிப்பா தொறப்பீய?"

"பூட்ட மாத்திட்டேன்."

இரும்பால் வலிப்பு நிற்காது, ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நினைவு திரும்பும்போது, சாவியோடு சேர்த்து என் கையைப் பொத்திக்கொண்டு அவர்தான் உட்கார்ந்திருப்பார்.

சாவியைச் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிட்டேன்.