அடைத்துவைத்த வால்வு

செவ்வாய்க்கிழமை. ஐப்பசி மழை விடவில்லை.

இன்று வேதியியல் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் கண்ணில் அமிலம் தெறித்துவிட்டது. உதவியாளர் மேரியக்கா அவளைக் கண் கழுவும் குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

“சாரே, இதுல தண்ணி வரல்லியே!”

வராது. போன மாதம் அது ஒழுகித் தரை ஈரமாகி, வேறொரு மாணவி வழுக்கி விழுந்தாள். பிளம்பர் வேண்டுமென்று எழுதிக் கொடுத்தேன்; யாரும் வரவில்லை. நான்தான் வால்வை அடைத்தேன். பாதுகாப்புப் பொறுப்பாளராக, வாராவாரம் பதிவேட்டில் ‘வேலை செய்கிறது’ என்று கையெழுத்திட்டவனும் நான்தான்.

நான் மேசைக்கடியில் குனிந்து வால்வைத் துழாவுவதற்குள், அக்கா அவள் தலையைக் கைகழுவும் குழாயின் கீழே சாய்த்துவிட்டார். “கண்ண மூடாத மக்கா, தொறந்து வையி, ஒண்ணுமில்ல” என்று கால் மணி நேரம் விடாமல் கழுவினார். பார்வைக்குப் பழுதில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

சாயங்காலம் அவளுடைய அப்பா குளச்சலிலிருந்து ஆய்வகத்துக்கு வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாரு இருந்ததுனால எம்பிள்ளைக்க கண்ணு தப்பிச்சு.”

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

எல்லோரும் போன பிறகு வால்வைத் திறந்துவிட்டேன். தண்ணீர் நன்றாக வந்தது. பதிவேட்டில் கையெழுத்திட்டேன், இந்தத் தடவை பொய்யில்லை. ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டில் இதை எழுதிவிட்டு விளக்கை அணைக்க எழுந்தபோதுதான் நினைவு வந்தது. குழாய் ஒழுகும் இடத்தில் வாளி வைக்கவில்லை. காலையில் முதலில் கதவைத் திறந்து உள்ளே போவது மேரியக்காதான்.