ஆவணி முதல் தேதிக்கு ஒரு ஜெர்மன் கார்

12.8.2006, சனி

காலையிலிருந்தே புழுக்கம். மலை உச்சியில் மட்டும் மேகம்.

உறுதியானது: பத்திரப் பதிவு ஆவணி முதல் தேதி, வியாழன், காலை பத்தரை. தகவல்: பத்திரம் எழுதுபவர், டீக்கடையில், நேரில். விற்பது அடி அண்ணாமலையில் தங்கை மல்லிகாவின் நாற்பது சென்ட். கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது. வாங்குபவர் லாட்ஜ் கட்டப்போகும் சென்னைக்காரர்.

அந்தப் பணத்தில் அவள் வீட்டுக்காரர் தனசேகர் (இனி த.) வாங்கப்போவது ஒரு பழைய ஜெர்மன் கார். கறுப்பு. மணிக்கு 250 கி.மீ. போகுமாம். இந்த ஊரில் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. ஆடியில் வாங்கக் கூடாதாம், ஆகவே ஆவணிக்குக் காத்திருக்கிறார். ஏமாறுவதற்கும் நல்ல நாள் வேண்டும்.

த.வுக்கு சிமெண்ட் கடை. கவுன்சிலர் சீட்டு கேட்கும் உத்தேசம். "கட்சி ஆபீஸ்ல மொபெட்ல போய் நின்னா வாட்ச்மேன்கூட உள்ள விட மாட்டான் மச்சான்."

மொபெட்டின் குற்றம் இல்லை அது.

மல்லிகாவுக்கு நிலத்தைக் கொடுக்க மனசில்லை. வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. "அண்ணன் பாத்துட்டு நல்ல வண்டின்னு சொன்னா கையெழுத்துப் போடறேன்" என்றாளாம். ஆக, என் தலையில்.

வாங்க: டார்ச்சுக்கு பேட்டரி 2, தலைவலி மாத்திரை.

13.8, ஞாயிறு

கார் பார்த்தாயிற்று. புரோக்கர் கன்னியப்பன், வெள்ளைச் சட்டை, மூன்று மோதிரம். முதல் சொந்தக்காரர் பெங்களூர் டாக்டராம். இதுவரை நான் கேள்விப்பட்ட பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டியது. நோயாளிகளை எப்போது பார்த்தார்களோ.

"ஷெட்டுக்கு நீங்க எதுக்கு சார் வரணும்? நானே கோபுரத்தாண்ட கொணாந்துடறேன். அப்படியே மலை சுத்திடலாம்."

வண்டியை மலை சுற்றிப் பார்த்து வாங்குவது இங்கே வழக்கம். கன்னியப்பன் ஓட்ட, பதினான்கு கி.மீ., ஒரு மணி பத்து நிமிடம். எட்டு லிங்கத்திலும் நிறுத்திக் கற்பூரம். அதிகபட்ச வேகம் 35, குறித்துக்கொண்டேன். செங்கம் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளில் எங்களை முந்திப் போனாள்.

ஏ.சி. குளிர்ந்தது. கண்ணாடி ஏறி இறங்கியது. த. முகத்தில் அருள் வந்த களை.

வாயு லிங்கத்தருகே ஒரு சாமியார் குனிந்து, "லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது?" அன்றைக்குக் கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி.

"மைலேஜ் கேக்கறவங்க இத வாங்க மாட்டாங்க சாமி," என்றான் கன்னியப்பன். த. பெருமையாகச் சிரித்தார்.

எனக்குக் குறை எதுவும் தென்படவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று வாயில் வந்துவிட்டது. த. அந்த இடத்திலேயே மல்லிகாவுக்கு போன் போட்டு அதைச் சொன்னார்.



14.8, திங்கள்

மல்லிகா ஒன்று கேட்டாள். "நெலத்த ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன். அந்தக் கார்லயே கூட்டிட்டுப் போங்க."

கன்னியப்பன் முகம் சுண்டியது. "மண் ரோடும்மா, வண்டி தாழ்வு..."

"எடுய்யா," என்றார் த.

அடி அண்ணாமலை தாண்டி இடப்பக்கம் மண்பாதை. கன்னியப்பன் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தான். முன்சக்கரத்தில் கரகரவென்று மாவு மிஷினில் கல் விழுந்த சத்தம். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். இடப்பக்க முன்சக்கரத்துக்கு மேலே, உள்பக்கம், கட்டைவிரல் அகலத்துக்கு வெல்டிங் தழும்பு. மேலே புது பெயின்ட். டயரின் உள்விளிம்பு தேய்ந்து நூல் தெரிகிறது. எங்கோ மோதி நொறுங்கி, ஒட்டவைத்த வண்டி. இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் உரசும்.

அப்புறம்தான் உறைத்தது. வலம் வரும்போது மலை எப்போதும் வலக்கைப் பக்கம். திருப்பம் எல்லாம் வலப்பக்கம். நேற்று இந்த வண்டி ஒருமுறைகூட இடப்பக்கம் முழுசாக ஒடியவில்லை. ஷெட்டிலிருந்து எடுக்கும்போது ஒடிப்பதை நாங்கள் பார்க்கக் கூடாது, கோபுரத்தாண்ட கொண்டுவந்ததும் அதற்குத்தான். எட்டுக் கற்பூரத்தை எண்ணியவன் இதைப் பார்க்கவில்லை. முப்பது வருஷ நிருபர். த்தூ.

"தூசிதான் சார் மாட்டியிருக்குது," என்றான் கன்னியப்பன். அவனாவது தொழில் தெரிந்தவன்.

த. சொன்னது, சிரிக்காமல்: "இந்த ஊர்ல யாரு மச்சான் இடப்பக்கம் திரும்பறான்?"

மல்லிகா அதற்குள் வரப்பில் நடந்துவிட்டாள். மல்லாட்டை (வேர்க்கடலை) மஞ்சளாகப் பூ விட்டிருக்கிறது.

"என்னாம்மா, வந்து ஏறு," என்றார் த.

"நீங்க போங்க. இவ்ளோ களை கெடக்குது." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

16.8, புதன்

நேற்று கொடியேற்றம், மிட்டாய், மூன்று பேச்சு. எழுத ஒன்றுமில்லை. இன்று தூறல்.

த. போன். கன்னியப்பன் வெல்டிங்கைத் திரும்ப அடித்துத் தருவானாம். "விலையும் கம்மி பண்ணிட்டான் மச்சான், எல்லாம் உங்க புண்ணியம்!" மோசடியைக் கண்டுபிடித்ததற்குக் கிடைத்த பலன், மோசடி மலிவானது. "நாளைக்கு மல்லிகாவ நீங்களே கூட்டிட்டு வந்துடுங்க."

ஞாயிறன்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், அவளிடமும் சொல்லியாயிற்று என்றேன். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

மாலையில் மல்லிகா வந்தாள். பதிவைப் பற்றிப் பேச்சே இல்லை. என் மனைவியிடம் பெரிய தூக்குச்சட்டி கேட்டு வாங்கினாள், களையெடுக்க வரும் ஆட்களுக்குக் கூழ் கொண்டுபோக. நானும் வரட்டுமா என்றேன்.

"உனக்குக் களை எது, செடி எதுன்னு தெரியுமாண்ணா? ஒடிஞ்ச காரையே நல்ல காருன்னியே."

நிலுவை: ஒரு கையெழுத்து. த. எதிர்பார்ப்பது நாளை காலை 10.30, சார்பதிவாளர் அலுவலகம். மல்லிகா நாலு ஆளுக்குச் சொல்லியிருப்பது நாளை காலை 7, நிலத்தில்.