செவ்வாய்க்கிழமை பத்து மணி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் வேண்டும், ஆனால் அந்த ஸ்கேன் எடுக்கும்வரை அது உனக்கே தெரியாதே, நான் யாரைப் போய்க் கேட்பேன்.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் செய்த இடத்தில் வலி குறைந்திருக்கிறது, ஆனாலும் என் தோளைப் பிடிக்காமல் பாத்ரூம் போக முடியவில்லை, இல்லையென்றால் நான் எப்போதோ கிளம்பி வந்திருப்பேன். உன் அத்தை வந்து, விளம்பரக் கம்பெனியில் உனக்கு என்னதான் வேலை என்று குடைந்தெடுத்துவிட்டாள். எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட்னா சும்மாவா, அந்த மேடமே இவளைக் கேட்டுத்தான் தண்ணி குடிக்கும் என்று அப்பா அளந்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது கூப்பிடலாம் என்று எங்களுக்குத் தெரியட்டும் என்று உன் ஆபீஸ் காலண்டரை என் போனில் போட்டுக் கொடுத்தாயே, அன்றிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேடத்தின் மீட்டிங், மேடத்தின் விமானம், மேடம் வீட்டு நாய்க்கு ஊசி, எல்லாம் கலர் கலராகக் கட்டம் கட்டியிருக்கிறது. உனக்கென்று ஒரே ஒரு கட்டம், மார்பு ஸ்கேன், செவ்வாய் பத்து மணி. மேடத்துக்கு இடம் வேண்டுமென்றால் முதலில் நகருவது அதுதான், மூன்று வாரமாக நகர்த்திவிட்டாய். சின்னக் கட்டிதாம்மா, எங்க ஓடியா போகப்போகுது என்கிறாய். ஓடிப்போனால்தான் நல்லதே, இருக்கிறதே என்றுதானடி நான் அடித்துக்கொள்கிறேன்.

இந்த வாரமும் அதே பத்து மணியில் சோப்புக் கம்பெனிக்காரர்களுக்கு விளம்பரம் காட்டும் மீட்டிங்கைப் போட்டிருந்தாய். திங்கட்கிழமை சாயங்காலம் ஆத்திரத்தில் அந்த மீட்டிங் கட்டத்தை விரலால் இழுத்தேன். நகரும் என்று சத்தியமாக நினைக்கவில்லை, வியாழக்கிழமைக்குப் போய்விட்டது. எல்லோருக்கும் தெரிவிக்கவா என்று கேட்டது, சரி என்று அமுக்கினேன். அது தெரிந்தேதான் செய்தேன். நீ காலையில் பார்ப்பதற்குள் அவர்கள் பயணத்தையே மாற்றிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் மேடம் கத்தியதையும், நான்தாம்மா தப்பாப் போட்டிருக்கேன், என் புத்தி எங்க மேயுதுன்னே தெரியல என்றும் சொல்லி நீ போனில் அழுதாய். பக்கத்தில் அப்பா இருந்தார், கட்டி விஷயம் அவருக்குத் தெரியாது, அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். உன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது கண்ணு, பாவி நான்தான் செய்தேன்.

பத்து மணி காலியானால் ஸ்கேனுக்குப் போவாய் என்று நம்பினேன். நீ அந்தப் பத்து மணிக்கு மேடத்தின் அறை வாசலில் மன்னிப்புக் கேட்க நின்றிருக்கிறாய். இதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை மேடத்திடம் காட்டு, எங்க அம்மா பண்ணின வேலை என்று சொல்லு, திட்டு எனக்கு வரட்டும். அந்தக் காலண்டரை என் போனிலிருந்து எடுத்துவிடு, இருந்தால் மறுபடியும் கை போகும். நோய்நொடி அண்டாமல் நூறு வயது இரு என்று ஆசீர்வதிக்கிறேன், அதைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. ஸ்கேனுக்குப் போடி, உன் காலில் விழுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா