எங்கள் தெருவுக்கு வந்த ஆஸ்பத்திரி வண்டி

6 அக்., திங்கள்

காலையிலிருந்து மூட்டம். துணி காயவில்லை. மாவு அரைக்க உட்கார்ந்தால் கரன்ட் இல்லை.

மதியத்துக்கு முன்னால் மைக் கட்டிய ஆட்டோ. "நாளைக்கி காலைல ஆஸ்பத்திரி வண்டி கடைசித் தெருவுக்கே வருதுங்கோ! பிரஷரு, சுகரு, மாத்திரை, புண்ணுக்குக் கட்டு எல்லாம் இங்கியே!" கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். எங்கள் தெருவுக்கா! கிராம சபையில் ஒவ்வொரு தடவையும் எழுந்து கேட்டது நான். சவுக்குத் தோப்பைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோடுவரை முட்டி வலிக்காரர்கள் எப்படி நடப்பார்கள் என்று கத்தியது நான். தலைவர் "பாக்கலாம்மா" என்பார். உட்கார்ந்துவிடுவேன்.

கடைசியில் கொண்டுவந்தது யாராம்? கவிதா. என் ஓரகத்தி, கொழுந்தனார் பெண்டாட்டி. மெயின் ரோட்டில் மாடி வீடு. மதுராந்தகத்துப் பெண், டிகிரி படித்தவள். போன வருஷம் சுகாதாரத் தன்னார்வலர் ஆனாள். ஒரு பை, ஒரு கோட்டு, பிரஷர் மிஷின். அன்றிலிருந்து ஊருக்கே அவள்தான்.

எனக்கு எப்படிச் சொன்னாள்? குரூப்பில் வாய்ஸ் மெசேஜ். "நாளைக்கி ஒரு நாளு வந்து பாப்பாங்களாம். ஆளு சேந்தாதான் வாராவாரம் வருவாங்களாம். எல்லாரும் வந்துடுங்க." எல்லாரும்! காது குத்தோ, மஞ்சள் நீராட்டோ, எதுவானாலும் மூத்தவள் வீட்டுக்கு முதலில் வெற்றிலை பாக்கோடு வந்து அழைப்பதுதான் எங்களில் முறை. என் தெருவில் ஒரு காரியம் நடக்கப்போகிறது, என் வாசலை அவள் மிதிக்கவில்லை.

வாங்க வேண்டியது: துவரம்பருப்பு, சோப்பு, கொசுவத்தி.

7 அக்., செவ்வாய்

வெயில் சுள்ளென்று. வண்டி வந்தது. வெள்ளை வண்டி, மோட்டார் ரூம் பக்கத்தில். சாமியானா வேறு. கவிதா கோட்டு போட்டுக்கொண்டு, தலையில் மல்லி.

நான் போகவில்லை.

எதிர்வீட்டுப் பச்சையம்மா பையோடு கிளம்பி வந்தாள். சுகர் உடம்பு. காலில் கிளிஞ்சல் கிழித்த புண், துணி சுற்றியிருந்தாள். என் வீட்டு வாசலில் நின்றாள்.

"இன்னா வசந்தா, நீ கெளம்பல?"

"என்னிய யாரும் வந்து கூப்புடலியே."

"அதானே! உன்னியே கூப்புடல, நாங்க இன்னாத்துக்குப் போறோம்? எங்களுக்கு ரோஷம் இல்லியா?"

திரும்பிப் போய்விட்டாள். அவள் குழாயடியில் சொல்ல, குழாயடி தெருவுக்கே சொல்லிவிட்டது. கிளம்பினவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். வேலியோரம் ஒருத்தி: "மூத்த ஓரகத்தியையே மதிக்கலயாம்மே." கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சந்தோஷம்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சாமியானாவில் காலி நாற்காலிகள். போகிற வழியில் நின்று பிரஷர் பார்த்துக்கொண்ட ஆட்டோக்காரர்கள் ரெண்டு பேர். அவ்வளவுதான். நர்ஸ் போனை நோண்டிக்கொண்டிருந்தாள். கவிதா எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினாள். ஜன்னலைச் சாத்தினேன்.

மதியம் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

8 அக்., புதன்

இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இவர் ஓட்டுகிற ஷேர் ஆட்டோவில் ஏறின யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் கத்தல்.

"ஏன்டி, ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்கு உனக்கு வெத்தல பாக்கு வெக்கணுமா? அது இன்னா காது குத்தா?"

"உங்க தம்பி பொண்டாட்டிய ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களே."

"அவ இன்னா பண்ணா? வண்டிய இட்டாந்து வுட்டா."

பார், அவள் பக்கம்தான். எல்லாரும் அவள் பக்கம். மாமியார் அங்கேயே சாப்பாடு. "கவிதா தொட்டாலே பிரஷர் எறங்கிடுது" என்று பால்காரம்மா சொல்கிறாள், என்னிடமே. அவளுக்கு முன்னால் இந்த ஊரில் யாருக்கு என்ன என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். பிரசவத்துக்கு ஆட்டோ, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க, எல்லாம். நான் கோட்டு போட்டுக்கொண்டு செய்யவில்லை, அதான்.

பொறாமைதான். எழுதிவிட்டேன். யார் படிக்கப் போகிறார்கள்.

கேஸ் புக் பண்ண மறந்துபோச்சு.

10 அக்., வெள்ளி

சாயந்திரம் தூறல். பால்காரம்மா வழியாகத் தெரிந்தது: வண்டி இனி எங்கள் தெருவுக்கு வராது. ஆள் சேரவில்லை. செவ்வாய்தோறும் மெயின் ரோட்டிலேயே நிற்கும்.

 கோபம் வந்தது. கவிதா இன்னும் ஒரு வாரம் கெஞ்சிப் பார்த்திருக்கலாமே? அவள் வீட்டு வாசலிலேயே வண்டி நிற்க வேண்டும் என்றுதான் விட்டிருப்பாள்.

இல்லை, அப்படிச் செய்ய மாட்டாள். அதுதான் எரிச்சல்.

பச்சையம்மா குழாயடிக்கு வரவில்லை. கால் வலி என்றாள் மருமகள்.

12 அக்., ஞாயிறு

நல்ல மழை. வீட்டில் ஒழுகல், ரெண்டு இடம்.

பச்சையம்மாவைப் பார்க்கப் போனேன். துணியைப் பிரித்தால் நாற்றம். கால் வீங்கிப் பளபளவென்று. உடம்பு அனல். "செவ்வா கெழமயே காட்டிருப்பேன் வசந்தா, நீ போகாம நா எப்டிப் போறது?" காய்ச்சலில் அதையும் பெருமையாகத்தான் சொன்னாள்.

இவரை எழுப்பி, ஆட்டோவில் தூக்கிப் போட்டு, செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரி. திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை என் மடியில் அவள் கால். சேலை நாசம். இவர் திட்டக்கூட இல்லை, வண்டியை விரட்டினார்.

13 அக்., திங்கள்

ரெண்டு விரலை எடுத்தாக வேண்டுமாம். இன்றே.

டீ வாங்கிக்கொண்டு வார்டுக்குத் திரும்பினால், கட்டில் பக்கத்தில் கவிதா. எனக்கு முன்னால் வந்து, நர்ஸிடம் பேசி, போர்வைகூட மாற்றிவிட்டாள். என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க ராத்திரி பூரா முழிச்சிகினு இருந்தீங்களாமே, போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்." பற்றிக்கொண்டு வந்தது. இங்கேயுமா?

டாக்டர் வந்தார். சின்ன வயசு. "வண்டி உங்க தெருவுக்கே வந்துச்சாமே. அன்னிக்கே காட்டியிருந்தா விரல் தப்பிச்சிருக்கும். ஏம்மா போகல?"

"யாரும் வந்து கூப்புடல டாக்டரு," என்றாள் பச்சையம்மா.

"ஆஸ்பத்திரி வண்டிக்கு யாரும்மா வந்து கூப்பிடணும்?"

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். இவரும் பார்த்தார். நான்தான் சார், நான் போகாததால் ஒருத்தரும் போகவில்லை என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் கவிதா: "எம் மேலதான் சார் தப்பு. வூடு வூடா போயி கூப்ட்டிருக்கணும். எங்க அக்கா வூட்டுக்காவது மொதல்ல போயிருக்கணும்."

டாக்டர் அவளைப் பிடிபிடியென்று பிடித்தார். வார்டே திரும்பிப் பார்த்தது. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். பச்சையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அது எனக்கு விழ வேண்டிய திட்டு. அதையும் அவளே வாங்கிக்கொண்டாள்.