ஓரத்தைப் பிடித்தால் ஃபெயில்

பிப். 2, திங்கள்

பனி. நேற்றுத் துவைத்த துணி இன்னும் ஈரம். திங்களன்று ஃப்ளாட் நீச்சல் குளம் மூடல்தான், ஆனாலும் வேலைக்கு வரச் சொல்லி மேனேஜர் போன்.

சனிக்கிழமை விஷயம். எழுதாமல் தள்ளிக்கொண்டே இருந்தேன், எழுதித் தொலைக்கிறேன். பெண்கள் நேரம், நாலரை மணி. சி பிளாக் அம்மாவின் ஐந்து வயதுக் குழந்தை. காற்றடைத்த வளையம் நழுவ, குழந்தை ஆழமான பக்கம் போய்விட்டது. நான் மூன்றடி தள்ளி, கையில் மாப். நின்றேன். அவ்வளவுதான் செய்தேன். வேறொரு ஃப்ளாட் அக்கா குதித்துத் தூக்கினார். குழந்தை நாலு இருமல் இருமிவிட்டு ஐஸ்கிரீம் கேட்டது. அதன் அம்மாதான் என்னைப் பார்த்து, "நீ எதுக்குடி இங்க நிக்கிற, துணிக்கடை பொம்மையா?" என்றாள். எல்லோர் முன்னாலும்.

இன்று மேனேஜர்: "பொம்பளைங்க டைம்ல நிக்கிற பொண்ணுக்கு நீச்சல் தெரியணும்னு அசோசியேஷன்ல சொல்லிட்டாங்க. இருபத்தொண்ணாந் தேதி டெஸ்ட். இந்தக் கடைசிலேர்ந்து அந்தக் கடைசி, திரும்பி இங்க. நடுவுல ஓரத்தைப் புடிச்சா ஃபெயில். ஏஜென்சில வேற ஆளு ரெடியா இருக்காங்க."

"எங்க சார் கத்துக்கறது?" இதைக் கேட்க எனக்கு அரை நிமிஷம் ஆனது.

"அது உன் பாடும்மா. இங்க ஸ்டாஃப் இறங்கக்கூடாது. போர்டு பாத்ததில்ல?"

பார்த்திருக்கிறேன். தினமும் அதைத் துடைப்பவள் நான்.

எனக்கு இந்த வேலை வேண்டும். லாக்கர் சாவி கொடுப்பது, நோட்டில் ஃப்ளாட் நம்பர் எழுதுவது, ஈரத் தரையைத் துடைப்பது. யாரிடமும் பேச வேண்டாம். பத்தாவதில் பள்ளிக்கூடத்தை விட்டதே எழுந்து நின்று சத்தமாக வாசிக்கச் சொன்னதால்தான். அப்புறம் போன கம்பெனி கேன்டீனில் பதினோரு நாள் தாக்குப்பிடித்தேன். ஊமச்சி என்று பெயர் வைத்து, தட்டைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் சொன்னேன். அண்ணன்: "போனா போவட்டும். இவ லைன்ல சேத்துக்கலாம்." இவ என்றால் அவன் பெண்டாட்டி. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் லீடர். பெயரை எழுதப் பிடிக்கவில்லை. அ. போதும்.

அ. சோற்றைப் பிசைந்தபடி: "என் லைன்லயா? வூட்லதான் இந்த மூஞ்சி. பஸ்லயும் இதே, லைன்லயும் இதேவா? வாணாம்பா சாமி. நான் நீச்சல் சொல்லித் தரேன். இது அங்கயே கெடக்கட்டும்."

கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவளும் நானும் ஒத்துப்போன முதல் விஷயம்.

பிப். 3, செவ்வாய்

வேலை. சி பிளாக் அம்மா சாவியை என் கையில் தராமல் மேசையில் போட்டாள்.

அ. மேல் எனக்கு உள்ள குறைகள், மறப்பதற்கு முன்:
என் சீப்பில் தலை வாரிவிட்டு முடியை எடுக்காமல் வைப்பது.
யார் வந்தாலும் "அது பேசாது" என்று எனக்காகப் பதில் சொல்வது. அது.
சிரிக்கும்போது தொடையில் தட்டுவது. என் தொடையில்.
மோருக்கு உப்பு போடாதது. (இது சின்னது. ஆனாலும்.)

பிப். 4, புதன்

சேரப்பணஞ்சேரி. அ.வின் அப்பா கிணறு. நிலம் பாதிக்கு மேல் கம்பெனிக்குப் போய்விட்டது, கிணறு மதிலை ஒட்டி மிச்சம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதோ வண்டி ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப், நாள் முழுக்க. வட்டக் கிணறு. கருங்கல் படி சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது, பிடிக்க ஒன்றும் கிடையாது. மழை நன்றாகப் பெய்ததால் ஒன்பதாவது படியிலேயே தண்ணீர். ஓரத்தில் பச்சை. நடுவில் கறுப்பு.

அ.வுக்கு இந்த வாரம் சி ஷிஃப்ட். விடிய விடிய வேலை, ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, தூங்காமல், அதே கோபத்தோடு வந்தாள். யூனிஃபார்மைக் கழற்றி மோட்டார் ரூமில் மாட்டினாள். நைட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு மேலிருந்தே குதித்தாள். சத்தம் வயிற்றுக்குள் கேட்டது.

என் முதுகில் காலி எண்ணெய் கேன் இரண்டு. அஞ்சு லிட்டர். பழைய துப்பட்டாவால் கட்டினாள். மூடி இறுக்கமா என்று பார்த்தேன். மறுபடி பார்த்தேன்.

"எத்தினி வாட்டிடி திருகுவ? மூடி அழுவுது பாரு."

முட்டி வரை இறங்கினேன். மோட்டார் பைப்பைப் பிடித்தேன். விடவில்லை. முக்கால் மணி நேரம்.

"நைட்டு பூரா நின்னுட்டு வந்துகீறேன். நீ பைப்ப கட்டிப்புடிச்சிகினு நிக்கறத பாக்கவா? அந்த பைப்புக்கே உன்ன கட்டிக்குடுக்க சொல்லிடு உங்கண்ணன."

வரும் வழியில் வண்டியில் கேட்டாள். "இன்னாத்துக்கு இவ்ளோ பயம்?"

அவளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும்.

இங்கே எழுதிக்கொள்கிறேன். வெள்ளம் வந்தபோது எனக்கு எட்டு வயது. முடிச்சூர் பக்கம் வாடகை வீடு. அப்பா முதலில் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அவன் பெரியவன், பதினைந்து வயது, நடந்தே போயிருக்கலாம், ஆனால் காய்ச்சல். என்னைப் பீரோ மேல் உட்கார வைத்து, "அசையாத. வந்துடறேன்" என்றார். அசையவில்லை. கீழே தண்ணீர் பீரோ கதவைத் திறந்தது, மூடியது, திறந்தது. அப்பா வந்தார். வந்தார்தான். எவ்வளவு நேரம் கழித்து என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. சனிக்கிழமை மாப்போடு நின்றபோதும் அதையேதான் செய்தேன் போல.

பிப். 6, வெள்ளி

தள்ளிவிட்டாள்.

சொல்லாமல், எண்ணாமல், பின்னாலிருந்து. காது, மூக்கு, எல்லாவற்றிலும் தண்ணீர். கேன் மேலே தூக்கியது. கத்தினேன். கிணறு என் கத்தலைத் திருப்பித் திருப்பிப் போட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள், "இன்னாம்மா ஆச்சு அங்க?" என்றார்.

அ.: "ஒண்ணும் இல்லண்ணா! எங்க வூட்டு ஊமச்சிக்கு பேச்சு வந்துச்சி!"

பக்கத்தில் நீந்தி வந்தாள். அவள் கையைப் பிறாண்டினேன். வேண்டுமென்றேதான்.

"பிறாண்டு. நல்லா பிறாண்டு. கால மட்டும் நிறுத்தாம ஆட்டு."

ராத்திரி அம்மா அவள் கையைப் பார்த்து, "இன்னாமா இது கோடு கோடா?" என்றாள். "பூனை" என்றாள் அ. எங்கள் வீட்டில் பூனை இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காததற்காக இன்னும் கொஞ்சம் கோபம்.

பிப். 8, ஞாயிறு

கேனோடு ஒரு சுற்று. சுவரிலிருந்து ஒரு கை தூரத்திலேயே போகிறேன். பயம் வந்தால் கல்லைத் தொடலாம். வழி மனப்பாடம்: படி, பைப், இடுக்கில் முளைத்த அரசஞ்செடி, உடைந்த கல், மறுபடி படி. நடுப்பக்கம் பார்ப்பதில்லை.

அ. ஒரு கேனை அவிழ்த்துவிட்டாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, செத்த மீன் மாதிரி இன்னொரு சுற்று. செத்த மீன் அவள் சொன்னது.

வலி: தோள், கழுத்து, தாடை. தாடை ஏன் என்று தெரியவில்லை. பல்லைக் கடிப்பதால் இருக்கும்.

பிப். 12, வியாழன்

அ.வுக்கு இந்த வாரம் ஏ ஷிஃப்ட், விடியும் முன்பே போய்விடுகிறாள். மூன்று நாள் வீண். "தனியா எறங்காத. நீ போய்ச் சேந்தா எங்கப்பன் கெணத்துக்குதான் கெட்ட பேரு."

தனியாகப் போனேன். இறங்கவில்லை. ஒன்பதாவது படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் வைத்திருந்தேன். தவளை ஒன்று நடுவில் சும்மா கிடந்தது, கைகால் விரித்து, எதையும் பிடிக்காமல். கல்லெடுத்து எறிந்தேன். படவில்லை.

பிப். 17, செவ்வாய்

பி ஷிஃப்ட் வாரம். காலையில் அ. இருக்கிறாள். இரண்டாவது கேனும் போயிற்று.

முதுகில் ஒன்றும் இல்லாமல் ஒரு முழுச் சுற்று! படி, பைப், செடி, கல், படி. பார்த்தாளா என்று திரும்பினேன். போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். "ஓ.டி.க்கு ஆள் இல்லனா நான் இன்னா, முட்ட போட்டு குஞ்சு பொரிச்சி அனுப்பறதா?"

திரும்பிப் பார்த்தேனே, அது எனக்கே பிடிக்கவில்லை.

பிப். 19, வியாழன்

பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கக்கூடாது என்று போர்டைக் காட்டித் தினமும் நான்தான் ஆட்களைத் தடுக்கிறேன். என்னிடம் நைலான் ஒன்றும் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் போய் ஆண்பிள்ளைகளின் முழுக்கை விளையாட்டு பனியன், கறுப்பு லெக்கின்ஸ் வாங்கினேன். பனியன் முதுகில் 10 என்று நம்பர். வேறு இல்லையாம்.

நான்கு சுற்று நிற்காமல். அ. "சரி" என்றாள். ஒரே வார்த்தை.

பிப். 21, சனி

வெயில். ஃபெயில்.

மேனேஜர், செக்யூரிட்டி அக்கா, வேடிக்கை பார்க்க ஏழெட்டு ஃப்ளாட் பெண்கள். இறங்கினேன். பயப்படவில்லை, அது உண்மை. நீல டைல்ஸ், அடி தெரிகிறது, கிணற்றுக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை என்றுதான் நினைத்தேன். கையை வீசினேன், காலை ஆட்டினேன், எல்லாம் சரி. பாதி தூரத்தில் தலையில் ஏதோ இடித்தது. பக்கச் சுவர். கையால் பிடித்துவிட்டேன்.

வட்டமாகப் போயிருக்கிறேன். நேராகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே.

சிரிப்பு. சி பிளாக் அம்மா: "என்னம்மா, கோயிலா இது, பிரதட்சணம் பண்றே?" இன்னொருத்தி செல்போனில் எடுத்தாள்.

மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார். "ஏஜென்சி பொண்ணு ஒண்ணாம் தேதிதான் வருது. புதன்கிழமை ஒரு சான்ஸ் தரேன். அதுக்கு மேல என்கிட்ட வராத."

ஈர பனியனோடு தரையைத் துடைத்தேன். என் தண்ணீரையும் சேர்த்து.

பிப். 22, ஞாயிறு

அ.விடம் சொல்லியாக வேண்டியிருந்தது. சிரித்தாள். தொடையில் தட்டினாள். யார் தொடை என்று எழுத வேண்டாம். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது.

"அய்யய்ய. நானே அப்டிதாண்டி போவேன். கெணத்துல வேற எப்டி போவாங்க?"

தப்பு அவளுடையதும்தான். ஒப்புக்கொள்வாள் என்று பார்த்தேன். இல்லை. வண்டிச் சாவியை எடுத்தாள்.

கிணறு. "ஓரமா போவாத. குறுக்க போ. நடுவுல." எதிர்ச் சுவரில் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கும். அங்கே நீந்திப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நடுவைப் பார்த்தேன். கறுப்பு. அடி தெரியாது. பைப் இல்லை, செடி இல்லை. நாலு கை வீசினேன், கால் கீழே இறங்கியது, திரும்பிப் படிக்கு வந்துவிட்டேன். ஏழு முறை.

"எங்க லைன்ல இன்னொரு பொண்ணு சேர்ராளான்னு சூப்பர்வைசர் கேட்டாரு. சரினு சொல்லிடவா?"

ஈரத் தலையைப் பிழிந்துகொண்டு படியேறினேன்.

பிப். 23, திங்கள்

மறுபடி சி ஷிஃப்ட். அ. கண் சிவந்து வந்தாள். ஐந்து முறை போய் ஐந்து முறையும் திரும்பினேன்.

எதிர்க் கல்லிலிருந்து பேச ஆரம்பித்தாள். "சீட்டு சொல்லி வெச்சிட்டேன். என் பக்கத்து சீட்டு. பஸ்லயும் பக்கத்துல. டெய்லி உன் மடில தல வெச்சிதான் தூங்குவேன். லைன்ல எல்லாருக்கும் சொல்வேன், எங்க நாத்தனார் வந்துகீறா, பேசாது, பிறாண்டும்னு."

சொல்லிவிட்டு கொட்டாவி விட்டாள். வாயை மூடாமல்.

அந்த மூஞ்சி. அந்த மூக்குத்தி. அதை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். போய் நாலு வார்த்தை நேருக்கு நேர் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். கீழே என்ன இருக்கிறது என்று நினைக்கவே நேரமில்லை. கை கல்லில் பட்டது. அவள் முட்டிக்குப் பக்கத்தில்.

மூச்சு வாங்கியது. கேட்க நினைத்த நாலு வார்த்தையும் வரவில்லை.

அ. குனிந்து பார்த்தாள். "நேரா வந்துட்ட." அப்புறம், "இன்னும் பத்து வாட்டி. எனக்கு தூக்கம் வருது, சீக்கிரம்."

ஆறு முறை போனேன். பத்து என்று அவள் எண்ணிக்கொண்டாள். பாதியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாள்.

பிப். 24, செவ்வாய்

காலை எட்டு முறை. நடுவில் ஒரு தரம் வேண்டுமென்றே நின்றேன். காலை மட்டும் ஆட்டிக்கொண்டு. கறுப்பு கறுப்பாகவே இருந்தது. தண்ணீர் கழுத்துக்குக் கீழே குளிர்ச்சி, மேலே வெயில். பத்து மூச்சு எண்ணினேன்.

சாயங்காலம் அம்மா: "நாளைக்கு அவளும் உன்கூட வரட்டுமா?" அ. முந்திக்கொண்டாள்: "நான் எதுக்கு? தூங்கப் போறேன்." நானும் வேண்டாம் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். முந்திக்கொண்டது எரிச்சல்.

சீப்பில் முடி. எடுத்துப் போட்டேன்.

பிப். 25, புதன்

மேகமூட்டம். காற்று. குளத்துத் தண்ணீரில் வேப்பஞ்சருகு, மூன்று மணிக்கு வலை போட்டு எடுத்தேன். நாலேகாலுக்குக் கூப்பிட்டார்கள்.

இந்த முறை கூட்டம் அதிகம். செல்போன் வீடியோ சுற்றியிருக்கும். படியில் இறங்கும்போது சி பிளாக் அம்மா அந்தக் கடைசியிலிருந்தே, இந்தப் பக்கம் நின்ற மேனேஜரிடம் கேட்டாள், மெதுவாகக்கூட இல்லை: "இவ இறங்கி ஏறினதும் தண்ணி மாத்திடுவீங்கல்ல? குழந்தைங்க குளிக்கிற இடம்."

மேனேஜர், "குளோரின் போட்ருவோம் மேடம்" என்றார்.

எனக்குக் காது சூடானது.

நல்லவேளை, அந்த அம்மா நான் போக வேண்டிய திசையில் நின்றிருந்தாள். அவள் மூக்கைப் பார்த்தேன். கிளம்பினேன். சுவர் என் வலது பக்கம் எங்கே இருக்கிறது என்று ஒரு முறைகூடத் தேடவில்லை. மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு வீச்சில் அவள் பின்னால் நகர்ந்தாள். புடவையில் தண்ணீர் தெறித்தது. என் கைதான். தெரியாமல் தெறித்தது என்று இங்கே பொய் எழுத மாட்டேன்.

திரும்பினேன். இந்தப் பக்கம் மேனேஜரின் ஷூ. அதையே பார்த்துக்கொண்டு வந்து தொட்டேன்.

"சரி, பாஸ். நாளைலேர்ந்து நீயே நில்லு. ஏறு."

ஏறவில்லை.

"போதும்மா. ஏறு, மெம்பர்ஸ் வெயிட் பண்றாங்க."

திரும்பினேன். அந்தக் கடைசியில் இப்போது யாரும் இல்லை, வெறும் டைல்ஸ். யாரையும் பார்க்காமல் இன்னொரு தடவை போனேன். வளையவில்லை.