உங்கள் கணக்கில் இன்னும் படம் ஏறுகிறது

என் உயிரான மாமாவுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராது. நான் நலம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். இரண்டையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன பிறகும் உங்கள் பேரில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அதை உங்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்? நாலு பேர் படித்தால் படிக்கட்டும் என்று வெளிப்படையாகவே கேட்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. உங்கள் டெம்போவை இப்போது உங்கள் தம்பி ஏழுமலைதான் ஓட்டுகிறான். போளூரிலிருந்து மலைக்குச் சாமான் ஏற்றுவதும், மலையிலிருந்து சாமையும் புளியும் இறக்குவதும் நிற்கவில்லை. "ஆயில் மாத்திட்டேன் அண்ணி" என்றான். நான் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தேன். மாற்றித்தான் இருந்தான். என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. கேஸ் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்காமல் வாங்க மாட்டேன். வீட்டைப் பூட்டினால் பூட்டை மறுபடி மறுபடி இழுத்துப் பார்ப்பேன். "உனுக்கு போலீஸ்ல வேலை குடுத்திருக்கணும்மே" என்று நீங்கள் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

அந்தச் சந்தேகம் உங்கள் மேலேயே திரும்பும் என்று நான் நினைக்கவே இல்லை.

உங்கள் பேங்க் கணக்கை முடிக்க இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போளூருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, மாசாமாசம் ஒரு தொகை தானா கட் ஆவுது? வூட்டுக்காரர் எதுனா கட்டிக்கினு இருந்தாரா?"

"அவரே இல்லியேம்மா. யாரு கட்டுறது?"

"ஆளு இல்லன்னாலும் போவும்க்கா. ஒரு தபா சரின்னு குடுத்துட்டா, நிறுத்துற வரைக்கும் போய்க்கினே இருக்கும். போன்ல எடுக்குற போட்டோவையெல்லாம் ஒரு கம்பெனிக்காரன் தன் கம்ப்யூட்டர்ல பத்திரமா வெச்சிருப்பான். அதுக்கு வாடகை."

போட்டோ வைக்க வாடகையா? ஒரு டீ சேர்த்துக் குடிக்க யோசிக்கிற மனிதர், எந்தப் போட்டோவுக்காக மாதாமாதம் வாடகை கட்டினார்? அந்தப் பெண் இன்னொன்றும் சொன்னாள். "சர்டிபிகேட்ட குடுத்தீன்னா இந்தக் கணக்கு நின்னுடும். வாடகை போவாது. கொஞ்ச நாள் பாத்துட்டு உள்ள இருக்கிறதெல்லாம் அழிச்சிடுவாங்க. எதுக்கும் வூட்ல போய் இன்னா இருக்குதுன்னு பாத்துட்டு வாக்கா." சான்றிதழை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

உங்கள் போன் பீரோவில் துணிகளுக்கு நடுவே இருந்தது. என்னுடையது பட்டன் போன். உங்களுடையதை நான் அதுவரை தொட்டதில்லை. சார்ஜ் போட்டு, படம் இருக்கிற இடத்தைத் திறந்தேன்.

மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண். பலா மரத்தடியில் நின்று சிரிக்கிறாள். எனக்குத் தெரிந்த முகம் இல்லை. அடுத்த படத்தில் அவள் மடியில் ஒரு கைக்குழந்தை. அடுத்து வேறொரு பெண், தலை வாரிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் ஓர் ஆடு. மறுபடியும் மஞ்சள் சேலை. விரலால் தள்ளத் தள்ளப் படம் வந்துகொண்டே இருந்தது. அத்தனையிலும் நான் இல்லை. அடியிலிருந்து மேலே, மேலேயிருந்து அடி வரைக்கும் தேடினேன். ஓரத்தில் என் முந்தானைகூட இல்லை. அந்தப் பெண் இருந்ததைவிட நான் இல்லாததுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

"மலையில மழை, வண்டி இறங்காது, காலையில வர்றேன்" என்று எத்தனை முறை போன் செய்தீர்கள்? நம் போளூரில் வானம் வெளுத்துக் கிடக்கும். மலையில் மட்டும் அப்படி என்ன மழை?

குழந்தையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காது உங்கள் காது மாதிரியே இருந்தது. அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை.

அதோடு போயிருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மலைமேல் ஜமுனாமரத்தூர் சந்தை முடிந்த மறுநாள் போனைத் திறந்தால், கும்பலாகப் புதுப் படங்கள். மடியில் இருந்த குழந்தை எழுந்து நிற்கிறது. மாமா, உங்களை மண்ணுக்குள் வைத்ததை என் கண்ணால் பார்த்தவள் நான். பிறகு உங்கள் கணக்கில் படம் எடுப்பது யார்?

ஏழுமலையைப் பிடித்துக் கேட்டேன். "எனுக்கு இன்னா தெரியும் அண்ணி" என்று டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்படிப் பார்க்க அந்த டயரில் ஒன்றுமே இல்லை. இவனும் கூட்டு என்று முடிவு கட்டினேன்.

வாடகையை நானே நிறுத்திவிடலாம் என்று பார்த்தால் போன் பாஸ்வேர்டு கேட்டது. டெம்போ கதவைக்கூடப் பூட்டாத ஆளுக்குப் பாஸ்வேர்டு! உங்கள் அம்மா பேர் போட்டேன், வண்டி நம்பர் போட்டேன், குலதெய்வத்தின் பேர்கூடப் போட்டேன். எல்லாம் தப்பு என்றது. அந்தப் போனிலேயே கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். அந்தப் பக்கம் பதில் சொன்னது ஆளில்லை, மெஷின். கணக்கின் உரிமையாளர்தான் உறுதி செய்ய வேண்டும் என்றது. உரிமையாளர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். சிரமத்துக்கு வருந்துகிறோம், உரிமையாளரை உள்ளே வந்து முயற்சி செய்யச் சொல்லுங்கள் என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் காலை டெம்போவில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். "மலைக்கு வுடு" என்றேன். ஏழுமலை வண்டியை எடுத்தான்.

ஜமுனாமரத்தூரில் டீக்கடைக்கார அம்மாவிடம் மஞ்சள் சேலைப் படத்தைக் காட்டினேன். "இது நம்ம காளியம்மா ஆச்சே" என்று ஊருக்கு வழி சொன்னார். அங்கே போனால், படத்தில் பார்த்த அதே பலா மரம். அதனடியில் இடுப்பில் குழந்தையோடு அவளே நின்றிருந்தாள். டெம்போவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஓட்டுகிறவனைப் பார்த்ததும் வாடியது. அதையும் கவனித்து வைத்துக்கொண்டேன்.

"இந்த வண்டிக்காரரு உனுக்கு இன்னா வேணும்?" என்று இறங்கியதும் கேட்டேன். நான் யாரென்றுகூடச் சொல்லவில்லை.

"அண்ணன் மாதிரிக்கா. போய்ட்டாருன்னு சந்தையில சொன்னாங்க. ரெண்டு நாளு எங்க வூட்ல யாரும் சரியா சாப்புடல."

அண்ணன் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "உன் படம் அவரு போன்ல எப்படி வந்துச்சு?"

அவள் திடுக்கிடவே இல்லை. "எல்லார் படமும் எல்லார் போன்லயும் வருமேக்கா" என்றாள்.

உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தாள். அதிலும் இதே படங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஆளாளுக்குத் தங்கள் போனைக் காட்டினார்கள். எல்லாவற்றிலும் அதே மஞ்சள் சேலை, அதே தலை வாரும் பெண், அதே ஆடு. காளியம்மாவின் வீட்டுக்காரர் என்னை வியப்பாகப் பார்த்தார். "வேற மாதிரியா வரும்? எல்லாம் ஒரே வண்டியில வந்த போன் தானேம்மா?"

அவர்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் புரிந்தது. காய்ச்சல் மாத்திரை, விதை, செருப்பு என்று எது வேண்டுமானாலும் உங்களிடம்தானே சொல்லி அனுப்புவார்கள்? போனும் அப்படித்தான். புதுப் போன் முதலில் மெயில் கேட்கும். அவர்களிடம் மெயில் கிடையாது, ஊரில் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும். நீங்கள் போளூர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு போனிலும் உங்கள் மெயிலையே போட்டு மலைக்கு ஏற்றியிருக்கிறீர்கள். சந்தைக்கு வரும்போது நல்ல சிக்னல் கிடைக்கும், எல்லார் படமும் மொத்தமாக உங்கள் கணக்கில் ஏறும். அது நிரம்பிவிட்டது. "படம் ஏற மாட்டேங்குதுன்னு சொன்னோம். நான் பாத்துக்கிறேன்னாரு" என்றார் ஒருவர். பார்த்துக்கொண்டது என்ன என்று அவர்களுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை.

குழந்தையின் அப்பா காதைப் பார்த்தேன். அதே காது.

ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தேன். அவன் போனும் உங்கள் மெயில்தானாம். தெரிந்தால் வாடகையில் பங்கு கேட்பேனோ என்று பயந்து டயரைப் பார்த்திருக்கிறான்.

சான்றிதழைக் கொடுத்தால் படமெல்லாம் அழிந்துவிடும் என்று மெல்லச் சொன்னேன். காளியம்மா குழந்தையைக் கீழே இறக்கிவிட்டாள். போன மழைக்காலத்தில் அவள் அம்மா இறந்திருக்கிறாள். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். போனில் இடம் இல்லை என்று வந்ததும், மேலே கணக்கில் பத்திரமாக இருக்கிறது என்று போனிலிருந்து அழித்துவிட்டாளாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கம்மா மூஞ்சி போயிடுமாக்கா?"

"வாடகைய என் பேருக்கு மாத்தினா நிக்கும். ஆனா பாஸ்வேர்டு கேக்குதே, எனுக்குத் தெரியாதே" என்றேன்.

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "உனுக்குத் தெரியாதா? எங்க எல்லாருக்கும் தெரியுமே. போன் கேக்குறப்பல்லாம் அதத்தான போடுறோம்" என்று சொல்லி, காளியம்மா என் கையிலிருந்த போனை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திறந்துகொண்டது. அவள் தட்டியதைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மறுபடி மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

"உன் பேரு இன்னாக்கா?" என்று அப்போதுதான் கேட்டாள்.

"அஞ்சலை."

பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்துவிட்டாள். "அய்ய, நீதானா அந்தப் பாஸ்வேர்டு!"

மாமா, வீட்டில் ஒரு நாளாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பீர்களா? "இன்னாம்மே", "தே, இங்க வா", அவ்வளவுதானே? உங்கள் வாயில் என் பேரே வராது என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு மலை ஊரையே என் பேரை எழுத வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அத்தனை பேர் நடுவிலும் வெட்கமில்லாமல் அழுதேன். அப்போது பார்த்துக் காளியம்மா, "நில்லுக்கா, ஒரு போட்டோ" என்றாள். முகத்தை மூடுவதற்குள் தன் போனில் எடுத்துவிட்டாள்.

வாடகை இப்போது நான் தைக்கிற காசில் போகிறது. அதன் பிறகுதான் சான்றிதழைப் பேங்கில் கொடுத்தேன். கவுண்டர் பெண் கதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இத்தினி பேருக்குத் தெரிஞ்சதுக்குப் பேரு பாஸ்வேர்டாக்கா? மொதல்ல அத மாத்து." அவள் சொன்னது சரிதான். ஊரான் வீட்டுக் குழந்தை குளிக்கிற படமெல்லாம் ஊர் முழுக்கச் சுற்றுவது நல்லதில்லை. நானும் ஏழுமலையும் வீட்டுக்கு ஒரு மெயில் போட்டு, அவரவர் படத்தை அவரவருக்குப் பிரித்துக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். காளியம்மாவின் அம்மாதான் முதலில் இறங்கிப் போனார். ஆட்டுப் படங்களில் எது யார் ஆடு என்பதில் மட்டும் சண்டை நடக்கிறது.

ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. என் படம் ஒன்றுகூட ஏன் எடுக்கவில்லை? எடுத்து வேறெங்கேயாவது வைத்திருக்கிறீர்களா? உங்களை நம்ப முடியாது. தேடிக்கொண்டுதான் இருப்பேன்.

நேற்று சந்தை. காளியம்மாவின் போனை இன்னும் உங்கள் மெயிலிலிருந்து மாற்றவில்லை. சாயங்காலம் உங்கள் போன் சத்தம் போட்டது. பலா மரத்தடியில், மூக்கு சிவந்து, வாய் கோணி, தலை கலைந்து நான். உங்கள் கணக்கில் ஏறிய என் முதல் படம். யாரையோ நேராகப் பார்த்து அழுகிற மாதிரி இருக்கிறது.

கடைசி வீட்டுப் படம் இறங்குகிற வரைக்கும் வாடகை நிற்காது, மாமா. அது முடிந்த பிறகும் என் படத்துக்காகவும் அது உட்கார்ந்திருக்கிற உங்கள் இடத்துக்காகவும் கட்டுவேன். பூட்டை இத்தனை முறை இழுத்துப் பார்க்கிறவள்தான். ஆனால் இந்தப் பாஸ்வேர்டை மட்டும் மாற்ற மாட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் சந்தேகம் தீராத உங்கள் அக்கா மகள், உங்கள் பொஞ்சாதி,
அஞ்சலை